கடிகாரம் வைத்த வக்கீல்

"இன்னொரு வெல்ல உருண்டை இந்த வாசப்படியைத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, நான் நகரிக்கு, பொறந்த வீட்டுக்கு, பஸ் ஏறிடுவேன்," என்றாள் பிரேமலதா.

வக்கீல் நாகபூஷணம் உருண்டையும் கையுமாக வாசற்படியிலேயே நின்றார். ஒரு கால் வீட்டுக்குள், ஒரு கால் சித்தூர் வீதியில்.

"அன்பாக் குடுத்தாங்க லதா. வாங்காட்டி மனசு கஷ்டப்படுவாங்க."

"போன வாரம் அன்பாக் குடுத்த பெங்களூரா மாங்காய் கட்டிலுக்கு அடியில பழுத்துக்கினு இருக்கு. அதுக்கு முந்தின வாரம் அன்பாக் குடுத்த மல்லாட்டை மூட்டை மேலதான் நீங்க தினம் சட்டை கழட்டிப் போடறீங்க. வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்தா நானும் அன்பா ரெண்டு உருண்டை குடுத்து அனுப்பட்டுமா?"

நாகபூஷணம் மெல்ல உள்ளே வந்தார். உருண்டையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். எறும்புகள் வழி கேட்காமல் வந்து சேர்ந்தன.

புதுப் பொருளாதாரம் நாட்டுக்குள் நுழைந்திருந்த வருஷங்கள் அவை. பெங்களூருக்குப் போன பையன்களும் அமெரிக்காவுக்குப் போன மாப்பிள்ளைகளும் அனுப்பிய பணமெல்லாம் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே மனைகளாக முளைத்துக்கொண்டிருந்தது. நேற்றுவரை மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைந்த கொல்லையில் இன்றைக்குச் சுண்ணாம்பு பூசிய கல் நட்டிருந்தார்கள். கல் நட்டவர்களும் நட்ட கல்லை வாங்க வந்தவர்களும் நேராக நாகபூஷணத்தின் வீட்டு முன்னறை ஆபீசுக்குத்தான் வந்தார்கள். ஒரு பத்திரத்தை விரித்தால் அதில் எந்தத் தாத்தா எந்தப் பேரனை ஏமாற்றியிருக்கிறார் என்று மோப்பம் பிடித்துவிடுவார் அவர். தெலுங்குப் பத்திரமானாலும் சரி, சித்தூர் மதராஸோடு இருந்த காலத்துத் தமிழ்ப் பத்திரமானாலும் சரி.

எல்லாம் முடிந்து கட்சிக்காரர் எழுந்து நின்று தலையைச் சொறிவார்.

"பீஸ் எவ்ளோ சார்?"

"உங்க இஷ்டம்."

அவர்களுடைய இஷ்டம் வெல்லமாகவும் மாங்காயாகவும் வந்தது. சிலருடைய இஷ்டம் "ரொம்ப சந்தோஷம் சார்" என்பதோடு நின்றது.

இதில் ஒரு கூத்து. ஊருக்கெல்லாம் மனை பார்த்துச் சொன்னவருக்குச் அந்தப் பக்கத்து மனை அளவையில் ஒரு அங்கணம் நிலம்கூடச் சொந்தமாகக் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அதே கட்டிலைக் கழற்றி, வாடகை வீடு மாற்றி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் நகரியில் பிரேமலதாவின் அப்பா வைத்திருந்த பவர்லூம் கொட்டகை விற்று, அவள் பங்குப் பணம் பாங்கில் வந்து உட்கார்ந்திருந்தது. திருப்பதியில் மலை பார்த்த ஒரு மனையை அவளே தேடிப் பிடித்தாள். பத்திரங்களின் ஜெராக்ஸ் நகல்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு அவர் மேஜையில் வைத்தாள்.

"பாத்து, வாங்கலாமா வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பணம் ரெடி."

"பாக்கறேன்."

"எப்போ?"

"இந்த ஞாயித்துக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமையோடு கட்சிக்காரர்களும் வந்தார்கள். மனை எந்தத் தெருவில், விற்கிறவர் யார், அங்கணம் என்ன விலை என்று அவள் சோறு போடும்போதெல்லாம் சொன்னாள். அவர் "ம்" என்றார். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் பேசும்போது சொல்லிப் பழகிய "ம்" அது. காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெல்ல உருண்டைக்கு எறும்பு வந்த அந்த மாலையில் பிரேமலதா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"கூட்டம் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு நேரம் வராது. நீங்க காசு வாங்காத வரைக்கும் கூட்டம் போகாது. நாளையிலிருந்து வாயைத் திறந்து பீஸ் கேளுங்க. பாதிப் பேர் தானா நின்னுடுவாங்க. அந்த நேரத்துல நம்ம பேப்பரைப் பாருங்க. விக்கறவங்க ரொம்ப நாள் காத்திருக்க மாட்டாங்க."

"கேட்டுடறேன்," என்றார் நாகபூஷணம். வாயைத் திறந்து காசு கேட்பதை நினைத்தபோதே அவருக்கு வியர்த்தது.

குமாஸ்தா பாலையா ஒரு யோசனை சொன்னான். "நூத்துக்கு ஒரு ரூபான்னு வைங்க ஐயா. மனை விலையில நூத்துக்கு ஒண்ணு. பெரிய ஆளு பெருசா குடுப்பான், சின்ன ஆளு சின்னதா குடுப்பான். தர்மமான கணக்கு."

மறுநாள் முதல் ஆளாக அப்பாவு வந்தார். முந்தின நாள் வந்து பாதிப் பேப்பரைக் காட்டிவிட்டுப் போனவர். புது பீஸ் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கேட்டதும் முகம் சாந்தமாயிற்று.

"மனை என்ன விலை அப்பாவு?"

"நாப்பதாயிரம் சார்."

"நேத்து ஒண்ணரை லட்சம்னீங்களே?"

"அது நேத்து சார். நேத்து பீஸ் இல்ல."

பின்னால் நின்றிருந்த ஒருவர் சந்தேகத்தைக் கிளப்பினார். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் சார். வெல ஏறினா உங்க பீஸும் ஏறும். அப்போ நீங்க வாங்கறவன் கட்சியா, விக்கறவன் கட்சியா?"

நாகபூஷணத்துக்குச் சுருக்கென்று தைத்தது. இருபது வருஷ நாணயம் ஆட்டம் கண்டுவிட்டதே! தாம் யார் கட்சி என்று நிரூபிப்பதற்காக, அப்பாவுவின் மனையை விற்கிறவரை வரவழைத்து, ஒரு மத்தியானம் முழுக்கப் பேசி, விலையைப் பத்தாயிரம் குறைத்துக் கொடுத்தார். குறைந்தது அவருடைய பீஸும்தான்.

அவ்வளவுதான். வக்கீல் ஆபீசில் பத்திரமும் பார்க்கிறார்கள், விலையும் குறைக்கிறார்கள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. இதுவரை வாங்குகிறவர் மட்டும் வந்தார். இனி வாங்குகிறவர், விற்கிறவர், நடுவில் கமிஷன்காரர் மூவரும் வந்தார்கள். பெஞ்சு போதவில்லை.

"பாதியாக் குறையும்னு பாத்தா மூணு மடங்காயிடுச்சே!" என்றாள் பிரேமலதா. "விலையைப் பத்தியே பேச்சு வேணாம். ஒரு மனைக்கு இவ்வளவுன்னு கட் அண்ட் ரைட்டா போர்டு வெச்சிடுங்க."

பாலையா தமிழிலும் தெலுங்கிலும் போர்டு எழுதி மாட்டினான். ஒரு மனைக்கு ஐநூறு ரூபாய். விலை எதுவானாலும்.

போர்டின் ஈரம் காய்வதற்குள் சென்னம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இந்தா சாமி ஐநூறு. எங்க மனைய பாரு."

நாகபூஷணம் பெட்டியைத் திறந்தார். கழுத்துவரை காகிதம். "என்னம்மா இது? இதுல பத்து மனைக்கு மேல இருக்கும் போலிருக்கே!"

"அல்லாம் ஒரே தாத்தா சொத்து. ஒரே தாத்தா, ஒரே பெட்டி, ஒரே பீஸு."

"அப்படியில்லம்மா. ஒவ்வொரு மனைக்கும்..."

"போர்டுல தாத்தா கணக்கு எழுதலியே சாமி?"

எழுதவில்லைதான். நாகபூஷணம் பெட்டியில் தலையை விட்டார். மறுநாளிலிருந்து, சென்னம்மாவின் தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் பெருகினார்கள். ஜாதி வேறு, ஊர் வேறு, பாஷை வேறு. "சென்னம்மா பீஸ்ல எங்களையும் சேத்துக்குங்க சார்" என்று வந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. காசு கொடுக்காத காலத்தில் ஜனங்களுக்கு ஒரு கூச்சம் இருந்தது. இப்போது அது போய்விட்டது. ரேஷன் கார்டில் பெயர் திருத்த வந்தார்கள். தவணையில் வாங்கிய டிவியின் ரசீதைக் காட்ட வந்தார்கள். கேட்டால், "பீஸ் கட்டிக்கீறோமில்ல?" என்றார்கள்.

மஞ்சள் பை டிரங்குப் பெட்டிக்கு அடியில் மறைந்துபோயிற்று.

இந்தச் சமயத்தில்தான் பிரேமலதாவின் தம்பி ரமணா அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தான். அக்கா வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் நின்று, ஒரு மாம்பழத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே முழுக்கதையையும் கேட்டான்.

"மாமா, நீங்க காகிதத்துக்குக் காசு கேக்கறீங்க. அதான் தப்பு. நேரத்துக்குக் கேக்கணும். எங்க ஊர்ல வக்கீல் வாயைத் திறந்தா மீட்டர் ஓடும். நான் வீடு வாங்கினப்போ எங்க வக்கீலுக்கு போன் பண்ணி 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டேன். அதுக்கும் பில் வந்துச்சு."

"நல்லா இருக்கேன்னு சொன்னாரா?"

"விவரமா சொன்னார். அதான் பில் பெருசு."

நாகபூஷணம் சிரித்தார். பிரேமலதா சிரிக்கவில்லை, யோசித்தாள். "மணிக்கு எவ்வளவு வைக்கலாம்?" என்று கேட்டாள்.

மணிக்கு இருநூறு என்று முடிவாயிற்று. ரமணா தன் பெட்டியிலிருந்து பெரிய டைம்பீஸ் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, விமானம் ஏறிப் போய்விட்டான். யோசனை சொல்கிறவர்கள் எப்போதும் விமானம் ஏறிவிடுகிறார்கள்.

முதல் நாள் கட்சிக்காரர்கள் வந்தார்கள். டைம்பீஸின் டிக் டிக்கைக் கேட்டார்கள். "அப்புறம் வரேன் சார்" என்று எழுந்தார்கள். சென்னம்மா மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வந்தாத்தானே கடியாரம்? நான் இங்கிருந்தே பேசறேன் சாமி. காது கேக்குதா?"

"கேக்குது. ஆனா கடியாரத்துக்கும் கேக்குமே?" என்றான் பாலையா. சென்னம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிரங்குப் பெட்டியோடு இறங்கிப் போனாள்.

இரண்டாம் நாள் ஆபீஸ் காலி. பெஞ்சுக்குக் கால் இருப்பதை நாகபூஷணம் அன்றுதான் பார்த்தார். பிரேமலதா மஞ்சள் பையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு களை.

"இப்போ பாருங்க. ஈ காக்கா இல்ல."

நாகபூஷணம் பையைப் பார்த்தார். டைம்பீஸைப் பார்த்தார். இரண்டு நாளில் அது அவர் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது.

"லதா, இதை முழுசாப் பாக்க எப்படியும் பத்துப் பன்னெண்டு மணி நேரம் ஆகும். மணிக்கு இருநூறு. கணக்குப் போட்டுப் பாரு. அந்த நேரத்துல காசு கட்டற கட்சிக்காரன் வந்து நின்னா என்ன பண்றது? நம்ம வீட்டு வேலைதானே, எங்க ஓடிப்போகுது?"

பிரேமலதா டைம்பீஸை ஒரு தரம் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் பேசாமல் போனது நல்லதற்கா கெட்டதற்கா என்று கண்டுபிடிக்க அவருக்கு நேரமில்லை.

ஏனென்றால், ஊர்க்காரர்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருந்தார்கள். கடிகாரம் ஆபீசில்தான் இருக்கிறது. வக்கீல் வெளியிலும் வருகிறார்.

சலூனில் ஒரு கன்னம் சோப்பு நுரையோடு இருந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. "தல ஆட்டாத சார், கத்தி பட்டுடும். ஆமான்னா கண்ணை மூடு, இல்லன்னா தொற. எங்க சின்னாயனுக்கு, எங்கப்பா தம்பிக்கு, அந்த எடத்துல பங்கு உண்டா?" காய்கறிச் சந்தையில் கத்திரிக்காயைப் பொறுக்கினால், கத்திரிக்காய்க்கு அடியிலிருந்து ஒரு வில்லங்கச் சான்று எட்டிப் பார்த்தது. கோயிலில் பிரகாரம் சுற்றும்போது அப்பாவு பின்னாலேயே வந்தார். "நீங்க சாமிய கும்பிடுங்க சார். நான் சொல்லிக்கினே வரேன்." அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள். பார்த்தவர்கள் வக்கீலுக்கு ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

நாகபூஷணம் அதற்கும் ஒரு வழி செய்தார். டைம்பீஸைத் துணிப்பையில் போட்டுக் கையோடு தூக்கிக்கொண்டு திரிந்தார். தீபாராதனை நேரத்தில் அது பைக்குள்ளிருந்து அலற ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியவில்லை. அர்ச்சகர் கையில் தட்டோடு அவரையே பார்த்தார். அன்றோடு அவர் சலூனுக்கும் போவதில்லை, சந்தைக்கும் போவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. தாடி வளர்ந்தது. ஆபீசுக்குள் உட்கார்ந்து பாலையாவும் அவரும் மாறி மாறிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

இனி போர்டையும் கடிகாரத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு வெல்லத்துக்கே திரும்பிவிடலாம் என்று அவர் நினைத்திருந்த ஒரு காலையில், ஏகாம்பரம் வந்தார்.

சித்தூர் பக்கத்துக் கங்காதர நெல்லூர்க்காரர். வெள்ளை வேட்டி, கரும்புச் சோகை கிழித்த கை. உட்காருவதற்கு முன்பே இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை மேஜைமேல் வைத்தார்.

"ஓட வுடுங்க சார்."

பாலையா நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். நாகபூஷணம் டைம்பீஸைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். "யார் சொல்லி வந்தீங்க?"

"உங்கள நல்லா தெரிஞ்சவங்கதான் சார். சொல்லட்டுமா? ஓடிக்கினு கீது."

"வேணாம், வேணாம். மனை யாருக்கு? உங்களுக்கா?"

"வாங்கறவங்க கத பெருசு சார். இப்போதைக்கு விக்கறவங்க பேப்பர பாருங்க. திருப்பதில அலிபிரி பக்கத்துல மன."

இப்படி ஒரு கட்சிக்காரரை நாகபூஷணம் ஜன்மத்தில் பார்த்ததில்லை. மற்றவர்கள் தாத்தா கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு, கோயில் தூண்போல உட்கார்ந்திருந்தார். மணி ஆனதும் எழுந்தார். "நாளிக்கு வரேன் சார்." மறுநாள் வந்தார், மறுபடி பணம் வைத்தார்.

முதல் நாள் மாலையே நாகபூஷணம் தலை நிமிர்ந்து வீட்டுக்குள் நுழைந்தார். நோட்டுகளை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

"பாத்தியா? தொழில்னா இது! தரமான ஆளுங்க தேடி வராங்க."

பிரேமலதா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நாளைக்கும் வருவாரா?"

"வராம? பேப்பர் அப்படி."

"நிதானமாப் பாருங்க. அவசரத்துல ஏதாவது விட்டுடப்போறீங்க."

இந்த அக்கறை அவரை உருக்கிவிட்டது. மனைவி தன் தொழிலை மதிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று தோன்றியது. தினமும் மாலையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அன்றைக்குப் பத்திரத்தில் என்ன கண்டேன் என்பதையும் விஸ்தாரமாகச் சொன்னார். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். குறுக்குக் கேள்விகூடக் கேட்டாள். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. இரண்டு முறை அவருக்குக் கூடுதலாக ஒரு தோசை விழுந்தது.

காசு வாங்கியதாலோ என்னவோ, அவர் புத்தியும் கூர்மையாக வேலை செய்தது. பழைய தமிழ்ப் பத்திரம் ஒன்றில் ஓர் ஓட்டை கிடைத்தது. அண்ணன்கள் மூவரும் பாகம் பிரித்துக்கொண்டதில் தங்கையின் கையெழுத்து இல்லை. தங்கை பெயர் அம்சவேணி, சூளூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள்.

"அப்போ வுட்டுட்லாமா சார்?" என்றார் ஏகாம்பரம். முகம் வாடிவிட்டது.

"விடறதா? கிளம்புங்க சூளூர்பேட்டைக்கு!"

"ரயில்ல போற நேரத்துக்கும் மீட்டரா சார்?"

நாகபூஷணம் தயங்கினார். "ரயில்ல தூங்கிட்டா கணக்கில்ல," என்றார்.

அவர் தூங்கும்வரை ஏகாம்பரம் ஜன்னல் பக்கத்து சீட்டையும் விட்டுக்கொடுத்து, துண்டால் விசிறிக்கொண்டே வந்தார்.

அம்சவேணி வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். "எங்க அண்ணனுங்க அனுப்ச்சாங்களா? என் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு சீலைகூட எடுத்துக்கினு வராதவங்க. கையெழுத்துக்கு மட்டும் தங்கச்சி ஞாபகம் வருதா?"

சட்டம் என்ன சொல்கிறது என்று நாகபூஷணம் ஆரம்பித்தார். அம்சவேணி கதவைச் சாத்தப்போனாள். ஏகாம்பரம் பைக்குள் கையை விட்டு, மஞ்சள் குங்குமத்தோடு ஒரு நகரிச் சேலையை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"சட்டம் கெடக்கட்டும்மா. பொறந்த வூட்டு சீலைன்னு நெனச்சி வாங்கிக்கோ. வாங்கறவங்க குடுத்தனுப்ச்சாங்க. உன் மனசு குளுராம அந்த மண்ணுல அடி வெக்க மாட்டாங்களாம்."

அம்சவேணி சேலையைப் பார்த்தாள். கண் கலங்கியது. "என்னிக்கு வரணும் ரிஜிஸ்டருக்கு?" என்று கேட்டாள்.

திரும்பி வரும் ரயிலில் நாகபூஷணத்துக்குத் தூக்கம் வரவில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்காக ஆந்திராவின் எல்லைவரைக்கும் ஓடியாயிற்று. சொந்த மனைவி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை நின்றாள்? வெட்கம் மெதுவாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"லதா, அந்த மஞ்சப் பையைக் குடு. இப்பவே பாக்கறேன். மீட்டர், கட்சிக்காரன் எல்லாம் கிடக்கட்டும்."

"எதுக்கு?" பிரேமலதா கீரையிலிருந்து தலை நிமிரவில்லை. "அது முடிஞ்சுபோச்சு. அந்த மனைக்குப் பத்திரம் எழுதப் போறாங்க."

"முடிஞ்சுபோச்சா?"

"ஒரு மனை எவ்வளவு நாள்தாங்க காத்துக்கினு இருக்கும்?"

நாகபூஷணம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "போனாப் போகுது. இவ்வளவு நாள் நான் குடுத்த பீஸையும் சேத்து வெச்சு வேற மனை பாக்கலாம். அந்தப் பணம் இருக்கில்ல?"

"அது இருக்கிற இடத்துல இருக்கு. நீங்க முதல்ல கைகால் கழுவிட்டு வாங்க. மோர் தரேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. 

ரிஜிஸ்ட்ரேஷன் நாளன்று திருப்பதி சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். மொட்டைத் தலைகளும் மனை வாங்க வந்த தலைகளும் கலந்து நின்றன. பத்திரம் எழுதுகிறவர்களின் கொட்டகையில் நாகபூஷணம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான்கு எல்லையும் எழுதியாயிற்று. விற்கிற அண்ணன்மார்களின் பெயர் எழுதியாயிற்று. அம்சவேணி புதுச் சேலையில், அண்ணன்களைப் பார்க்காமலே, ஆனால் அவர்கள் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தாள்.

"தொந்தரகா கானிவ்வண்டி சார்!" என்று உள்ளேயிருந்து அட்டெண்டர் அவசரப்படுத்தினார்.

நாகபூஷணம் எழுதவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஆசைப்பட்ட மனையிலிருந்தும் இதே மலை தெரிந்திருக்கும். தெற்குப் பக்கமா, வடக்குப் பக்கமா? அவள் சொல்லியிருந்தாள். அவர் "ம்" என்றிருந்தார்.

"இன்னா சார், ஒடம்பு செரியில்லயா?" என்றார் ஏகாம்பரம்.

"ஏகாம்பரம், இன்னைக்கு நான் கடியாரம் கொண்டுவரல. இன்னைக்கு பீஸும் கிடையாது."

"ஏன் சார்?"

"எங்க வீட்டுலயும் ஒரு மனைக்கு ஆசைப்பட்டாங்க. கையில பேப்பரை வெச்சிக்கிட்டு கெஞ்சினாங்க. எனக்கு நேரமில்லன்னேன். மணிக்கு இருநூறுன்னு அவகிட்டயே கணக்கு சொன்னேன். இப்போ அது வேற யார் கைக்கோ போயிடுச்சு." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க பாடுபட்டுக் கரும்பு வெட்டின காசை மணிக் கணக்கு பாத்து வாங்கினேன். அது எனக்கு ஒட்டாது. பாதியைத் திருப்பிக் குடுத்துடறேன். பணமெல்லாம் என் சம்சாரத்துகிட்டதான் இருக்கு. வேலை முடிஞ்சதும் வாங்க வீட்டுக்கு, நானே வாங்கித் தரேன்."

ஏகாம்பரம் நெளிந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கமாக ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"அத்த அப்புறம் பேசிக்கலாம் சார்."

"இல்ல, இப்பவே சொல்லிட்டேன். சரி, நல்ல நேரம் போகுது." நாகபூஷணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். "வாங்கறவங்க பேர் ஒண்ணுதான் பாக்கி. சொல்லுங்க, எழுதிடறேன்."

ஏகாம்பரம் இரண்டு கையையும் கூப்பினார்.

"திருப்பித் தரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார், சாயங்காலம் நீங்க உங்க வூட்டம்மா கைல குடுத்த அதே நோட்டத்தான் மறாநாள் காலீல நான் பின்வாசல்ல வாங்கியாந்து உங்க மேஜ மேல வெச்சிக்கினு இருந்தேன், இன்னும் ஒரு சுத்து சுத்த என் காலுல தெம்பு இல்ல, எழுதுங்க சார், பிரேமலதா!"